‘நைஸ்’ங்கிற வார்த்தையோட பொருளையும் பூர்வீகத்தையும் தேடிப் பிடிக்கிறது எப்படி? முதல் தடவை தேடுறவங்களுக்கு

போன வருஷம் ஒரு பழைய ஆங்கிலக் கடிதத் தொகுப்புலேர்ந்து முப்பது பக்கம் தமிழாக்கம் பண்ணித் தரேன்னு ஒத்துக்கிட்டேன். 18-ஆம் நூற்றாண்டுக் கடிதங்க. அதுல ஒரு வீட்டம்மாவப் பத்தி, சாப்பாட்டு விஷயத்துல அவங்க ரொம்ப ‘நைஸ்’னு ஒரு வரி. எனக்குத் தெரிஞ்ச வார்த்தைதானேன்னு அகராதியத் தொடவே இல்ல, ‘விருந்தோம்பல்ல ரொம்ப அன்பானவர்’னு எழுதி அனுப்பிட்டேன். சரிபார்த்தவர் அந்த வரியச் சிவப்புல சுழிச்சுத் திருப்பி அனுப்பினார். அந்த அம்மா அன்பானவங்க இல்ல, தட்டுல எத வச்சாலும் உப்பு கூட, வேக்காடு பத்தலன்னு நொட்டை சொல்றவங்க. அதே வார்த்தை அந்த முப்பது பக்கத்துல இன்னும் பத்து இடத்துல இருந்துச்சு, பத்தையும் நான் ‘நல்ல’, ‘இனிமையான’, ‘அன்பான’ன்னுதான் போட்டிருந்தேன், அதுல ஆறு தப்பு.

அந்த ஆறையும் சரி பண்ண எனக்கு மூணு வாரம் ஆச்சு. எங்க தேடணும்னு தெரியாததுதான் காரணம், தேடுறது ஒண்ணும் கஷ்டம் இல்ல. வழி தெரிஞ்சா ஒரு வார்த்தைக்கு ஒரு சாயந்திரம் போதும். மொழிபெயர்க்கிறவங்க, ஆங்கில இலக்கியம் படிக்கிற பசங்க, ஒரு வார்த்தையோட பூர்வீகம் தெரிஞ்சுக்கணும்னு ஆசைப்படுறவங்க எல்லாருக்கும் இது. உதாரணத்துக்கு முழுக்க ‘நைஸ்’ஸையே எடுத்துக்கிறேன், இந்த அளவுக்குப் பொருள் மாறின வார்த்தை ஆங்கிலத்துலயே கம்மி.

ஆரம்பிக்கறதுக்கு முன்னாடி என்னென்ன வேணும்

ஒரு நோட்டு, போன் இல்லன்னா கம்ப்யூட்டர், நெட், ஒரு ஈமெயில் ஐடி. இவ்வளவுதான். தேவைப்படுற அகராதிகள்ல முக்கால்வாசி இலவசம். காசு கேக்குறது ஆக்ஸ்போர்டு பேரகராதி ஒண்ணுதான், அதுக்கும் காசில்லாத வழி இருக்கு, 6-வது படியில சொல்றேன். மொத்த நேரம் முதல் தடவை மூணு மணி நேரம் ஆகும், கை பழகிட்டா ஒரு மணி நேரம்.

1. வாக்கியத்தையும் வருஷத்தையும் முதல்ல எழுதி வைங்க

நான் செஞ்ச முதல் தப்பு, வெறும் வார்த்தைய மட்டும் எடுத்துக்கிட்டு அகராதிக்குப் போனது. அகராதியில இருபது பொருள் இருக்கும், எது உங்களுதுன்னு தெரியாது. அதனால வார்த்தை வந்த வாக்கியம், அதுக்கு முன்னாடி ரெண்டு வரி, பின்னாடி ரெண்டு வரி, எழுதினவர் யாரு, எந்த வருஷம், இது அஞ்சும் நோட்டுல முதல் பக்கத்துல இருக்கணும்.

வருஷம் போடும்போது ஒரு கவனம். புத்தகத்தோட முதல் பக்கத்துல இருக்கிற வருஷம் மறுபதிப்போட வருஷமா இருக்கலாம். முதல் பதிப்பே ஆனாலும் எழுதின காலம் வேறயா இருக்கலாம். ஜேன் ஆஸ்டினோட ‘நார்த்தேங்கர் அபே’ நாவல் 1817 கடைசியில, அவங்க செத்துப்போனதுக்கு அப்புறம்தான் அச்சாச்சு, ஆனா அவங்க அத எழுதினது 1790கள் முடியிற சமயத்துல. இருபது வருஷ வித்தியாசம். நம்ம வார்த்தை வேகமா மாறிக்கிட்டிருந்த காலம் அது, அதனால ரெண்டு வருஷத்தையும் குறிச்சு வைங்க. நாவலப் பேரு சொல்லிக் கூப்பிட்டதுக்குக் காரணம் இருக்கு, 4-வது படியில திரும்ப வரும்.

2. இலவச அகராதிகள்ல முதல் சுத்து (அரை மணி நேரம்)

முதல்ல எட்டிமான்லைன். சொற்பிறப்புக்குன்னே இருக்கிற இலவசத் தளம், ஆப்பாவும் இருக்கு. அதுல நைஸ்னு போட்டா வர்ற சுருக்கம் கிட்டத்தட்ட இப்படி இருக்கும், இத உங்க நோட்டுல கீழ கீழ எழுதிக்குங்க:

13-ஆம் நூற்றாண்டு கடைசியில ஆங்கிலத்துக்குள்ள வரும்போது பொருள் ‘முட்டாள்தனமான, ஒண்ணும் தெரியாத’. அதே காலத்துல ‘பயந்தாங்கொள்ளி’ன்னும் ஒரு பொருள். 14-ஆம் நூற்றாண்டு கடைசியில ‘நொட்டை சொல்ற, எளிதுல திருப்தி ஆகாத’. 1400 வாக்குல ‘மென்மையான, நாசூக்கான’. 1500கள்ல ‘துல்லியமான, நுணுக்கமான’. 1769ல ‘இனிமையான’. 1830ல ‘அன்பான’.

முட்டாள்னு திட்டுறதுக்கு இருந்த வார்த்தை ஐநூத்தி சொச்சம் வருஷத்துல அன்பானவர்னு பாராட்டுறதுக்கு வந்து நிக்குது. முதல் தடவை இந்த வரிசையப் பார்த்தப்போ நான் தளம்தான் ஏதோ தப்புன்னு நினைச்சு இன்னொரு அகராதிக்கு ஓடினேன், அங்கயும் இதேதான்.

அடுத்து மெரியம் வெப்ஸ்டர் தளம், அதுவும் இலவசம், பதிவோட கீழ்ப்பக்கம் போனா சொல் வரலாறுன்னு தனிப் பகுதியும் முதல் பயன்பாட்டுக் காலமும் இருக்கும். மூணாவது விக்ஷனரி. இத நான் வழி காட்டுறதுக்கு மட்டும் வச்சுக்கிறேன், தீர்ப்பு சொல்றதுக்கு இல்ல, யார் வேணாலும் திருத்தலாம்ங்கிறதால சில பதிவு பிரமாதமா இருக்கும், சிலது பாதியில நிக்கும்.

இங்க ஒரு பொறி இருக்கு. 1769ன்னு போட்டிருந்தா அந்த வருஷம்தான் அந்தப் பொருள் பொறந்துச்சுன்னு அர்த்தம் இல்ல. எழுத்துல இதுவரைக்கும் கண்டுபிடிச்சதுலயே பழசு அதுன்னுதான் அர்த்தம். ஜனங்க வாய்ல அதுக்கு முன்னாடியே பொழங்கியிருப்பாங்க, நாளைக்கே யாராவது இன்னும் பழைய கடிதம் ஒண்ண எடுத்தா அந்த வருஷம் பின்னாடி போயிடும். அதனாலதான் அகராதிக்கு அகராதி வருஷம் மாறுது. ரெண்டு அகராதி ரெண்டு வருஷம் சொன்னா எது பொய்னு மண்டைய ஒடச்சிக்காதீங்க, ரெண்டையும் எழுதி வச்சுக்கிட்டு மேல போங்க.

3. அகராதிக் குறிகளப் படிக்கக் கத்துக்குங்க (பத்து நிமிஷம்)

இது சின்ன விஷயம், ஆனா இதுலதான் எனக்கு ரெண்டு நாள் போச்சு. பொருளுக்கு முன்னாடி சின்னச் சிலுவை மாதிரி, குத்துவாள் மாதிரி ஒரு குறி இருந்தா அந்தப் பொருள் வழக்கொழிஞ்சு போச்சுன்னு அர்த்தம். வருஷத்துக்கு முன்னாடி சின்ன ‘சி’ எழுத்து இருந்தா ‘சுமாரா அந்த வருஷம்’, சின்ன ‘ஏ’ எழுத்து இருந்தா ‘அந்த வருஷத்துக்கு முன்னாடி’. பெரிய அகராதிகள்ல சொற்பிறப்பு சதுர அடைப்புக்குள்ள இருக்கும்.

இன்னொண்ணு, பொருள்களோட வரிசை. வரலாற்று அகராதிகள்ல பழைய பொருள் முதல்ல வரும். மாணவர்களுக்குன்னு போடுற அகராதிகள்ல இன்னிக்கு அதிகமா பொழங்குறது முதல்ல வரும். இது தெரியாம ‘முதல்ல போட்டிருக்கே, அப்ப இதுதான் சரியான பொருள்’னு எடுத்துக்கிட்டா கதை கந்தல். அகராதியோட முன்னுரையில வரிசை எப்படின்னு ஒரு பத்தி எழுதியிருப்பாங்க, அத மட்டும் படிச்சிடுங்க.

4. மூலச்சொல் வரைக்கும் இறங்குங்க, ஆனா அங்கயே குடித்தனம் பண்ணாதீங்க

நைஸ் நேரா இங்கிலாந்துல பொறந்தது இல்ல. பழைய பிரெஞ்சுலேர்ந்து வந்துச்சு, அங்க ‘மந்தமான, அசட்டுத்தனமான’ன்னு பொருள். பிரெஞ்சுக்கு லத்தீன்ல இருந்து வந்துச்சு. லத்தீன்ல ‘நெஸ்கியுஸ்’. ‘நெ’ன்னா இல்ல, ‘ஸ்கீரே’ன்னா அறியறது. சேர்த்தா அறியாதவன்.

இந்த ‘ஸ்கீரே’ய விட்டுடாதீங்க. இதுலேர்ந்துதான் ‘சயின்ஸ்’ங்கிற வார்த்தையும் வந்துச்சு. பள்ளிக்கூடத்துல தினமும் சொல்ற சயின்ஸும், ஹோட்டல்ல சாப்பிட்டுட்டு சொல்ற நைஸும் ஒரே லத்தீன் வேர், ஒண்ணு அறிவு, இன்னொண்ணு அறியாமை. ராத்திரி பதினோரு மணிக்கு இத நோட்டுல எழுதி ரெண்டையும் ஒரு கோட்டால சேர்த்தப்போ எனக்கு வந்த சந்தோஷத்த இப்பவும் மறக்கல. இந்த மாதிரி ஒரு கோடு போடுறதுக்காகவே இந்த வேலைய திரும்பத் திரும்ப செய்யத் தோணும்.

ஆனா இந்தப் படியிலதான் ரொம்பப் பேரு வழுக்குறாங்க. மூலப் பொருள்தான் ‘உண்மையான’ பொருள், மத்ததெல்லாம் ஜனங்க கெடுத்ததுன்னு முடிவு கட்டிடுவாங்க. அப்படிப் பார்த்தா தமிழ்ல நாம வாயத் தொறக்க முடியாது. ‘நாற்றம்’னு வள்ளுவர் எழுதினப்போ நறுமணம். முகைமொக்குள் உள்ளது நாற்றம்னு 1274-வது குறள்ல வர்றது மொட்டுக்குள்ள அடங்கியிருக்கிற வாசனை. இன்னிக்கு வீட்டுக்கு வந்த விருந்தாளிகிட்ட ‘உங்க மேல நாத்தம் வருது’ன்னு சொல்லிட்டு வள்ளுவரக் காட்ட முடியுமா? இந்த மாதிரி நல்ல பொருள்லேர்ந்து கெட்டதுக்கு இறங்குறத மொழியியல்ல இழிபொருட்பேறுன்னு சொல்வாங்க. கெட்டதுலேர்ந்து நல்லதுக்கு ஏறுறது உயர்பொருட்பேறு, கள் குடிச்சு வர்ற மயக்கமா இருந்த ‘களிப்பு’ இன்னிக்கு வெறும் மகிழ்ச்சி ஆனது அந்த வகை. நைஸ் களிப்போட கட்சி. மூலச்சொல் தெரிஞ்சா ஆரம்பம் தெரியும், அவ்வளவுதான், உங்க வாக்கியத்தோட பொருள் தெரியாது.

இங்கதான் ‘நார்த்தேங்கர் அபே’. அதோட 14-வது அத்தியாயத்துல ஹென்றி டில்னின்னு ஒரு படிச்ச இளைஞன், கதாநாயகி கேத்ரீன் ஒரு நாவல ‘நைஸ்’னு சொன்னதும், நீ சொல்றது பைண்டிங் நேர்த்தியா இருக்குங்கிறதையான்னு மடக்குவான். அப்புறம் இந்த வார்த்தை ஆதியில நேர்த்தி, நாசூக்கு, பண்பு இதுக்கு மட்டும்தான் இருந்திருக்கும்னு ஒரு விளக்கமும் குடுப்பான். ஆதியில அது முட்டாள்னு பொருள்பட்ட வார்த்தை, அவன் சொன்னது நடுவுல வந்த பொருள். தன்னோட தாத்தா காலத்துப் பொருளத்தான் எல்லாரும் ஆதிப் பொருள்னு நினைச்சுக்கிறாங்க. ‘ஆதியில இது இப்படித்தான்’னு யாராவது அடிச்சுச் சொன்னா, அவங்க எவ்வளவு படிச்சவங்களா இருந்தாலும் வருஷம் என்ன, வாக்கியம் எதுன்னு கேளுங்க.

5. 1500க்கு முந்தின வாக்கியம்னா மிச்சிகன் போங்க

மிச்சிகன் பல்கலைக்கழகத்தோட நடு ஆங்கில அகராதி நெட்ல முழுசா இலவசம், பதிவு பண்ணக்கூட வேண்டாம். 14-ஆம் நூற்றாண்டு ஆங்கிலக் கவிஞர் சாசர் காலத்து வாக்கியங்க வரிசையா இருக்கும். சாசர் இந்த வார்த்தைய ‘முட்டாள்தனமான’ங்கிற பொருள்ல எழுதியிருக்கார்.

தேடும்போது எழுத்துக் கூட்டல மாத்தி மாத்திப் போடுங்க. அந்தக் காலத்துல ஒரே எழுத்துக்கூட்டல்னு கிடையாது, நடுவுல ஐ-க்கு பதிலா ஒய் போட்டு எழுதினதுதான் நிறைய. உச்சரிப்பும் அப்போ நைஸ் இல்ல, ‘நீஸ்’னு நீட்டி சொல்றதுக்குக் கிட்ட. பிற்பாடு ஆங்கிலத்துல நெடில் உயிரெல்லாம் மொத்தமா இடம் மாறினப்போதான் ‘ஈ’ போய் ‘ஐ’ வந்துச்சு. உங்க வாக்கியம் 1500க்குப் பிந்தினதுன்னா இந்தப் படிய விட்டுடலாம்.

6. ஆக்ஸ்போர்டு பேரகராதி: செலவு இங்கதான்

ஒவ்வொரு பொருளுக்கும் வருஷவாரியா வாக்கியத்தோட சாட்சி காட்டுறது இதுதான், இதப் பார்க்காம வேலை முடியாது. முழுப் பதிவ நெட்ல படிக்க சந்தா கட்டணும். தனி ஆளுக்கு வருஷச் சந்தா நம்ம ஊர்க் கணக்குக்குப் பெரிய தொகை, எவ்வளவுன்னு அவங்க தளத்துல அன்னிக்கு இருக்கிற விலையப் பார்த்துக்குங்க, ஆனா ஒரு வார்த்தைக்காக யாரும் கட்டவேண்டாம்னுதான் நான் சொல்வேன். மூணு வழி இருக்கு.

முதல் வழி, நூலகம். சென்னையில இருக்கிறவங்களுக்கு எழும்பூர் கன்னிமரா, கோட்டூர்புரம் அண்ணா நூற்றாண்டு நூலகம், மதுரைக்காரங்களுக்கு கலைஞர் நூற்றாண்டு நூலகம், இங்கெல்லாம் உள்ள உக்காந்து படிக்கக் காசு இல்ல. ஆக்ஸ்போர்டு பேரகராதியோட ரெண்டாம் பதிப்பு 1989ல இருபது தொகுதியா வந்துச்சு, ரெஃபரன்ஸ் பகுதியில இருக்கான்னு முதல்ல போன்ல கேட்டுட்டுப் போங்க. இந்த மாதிரி புத்தகங்கள வீட்டுக்குத் தரமாட்டாங்க, அதனால பக்கத்த போட்டோ எடுக்க அனுமதி உண்டா, ஜெராக்ஸ் உண்டான்னும் அதே போன்லயே கேட்டுக்குங்க. அடையாள அட்டை ஒண்ணு கையில இருக்கட்டும். காலேஜ் பசங்கன்னா உங்க காலேஜ் நூலகரக் கேளுங்க, நெட் சந்தா ஏற்கெனவே இருக்கலாம். பிரிட்டன்ல இருக்கிற தமிழ் ஆளுங்களுக்கு இன்னும் சுலபம், அங்க பெரும்பாலான பொது நூலகங்கள்ல உறுப்பினர் அட்டை எண்ணப் போட்டா வீட்லேர்ந்தே ஆக்ஸ்போர்டு தொறக்கும், அட்டையும் இலவசம்.

ரெண்டாவது வழி, பழைய பதிப்போட ஸ்கேன். இந்த அகராதியோட முதல் பதிப்பு 1884லேர்ந்து 1928 வரைக்கும் பகுதி பகுதியா வந்துச்சு. பழைய புத்தகங்கள ஸ்கேன் பண்ணி வைக்கிற இன்டர்நெட் ஆர்கைவ் தளத்துல அது இலவசமா இருக்கு. அங்க ஒரு பொறி, பத்துத் தொகுதிப் பதிப்புல ‘என்’ எழுத்து 6-வது தொகுதியில இருக்கும், 1933ல திரும்பப் போட்டப்போ பன்னெண்டு தொகுதியாப் பிரிச்சதால அதே ‘என்’ 7-வது தொகுதிக்குப் போயிடுச்சு. நான் 7ன்னு நினைச்சுப் பழைய பதிப்போட தொகுதிய இறக்கி அரை நாள் டேட்டாவ வீணாக்கினேன். ஃபைல் பெருசு, முழுசா இறக்காதீங்க, தளத்துலயே பக்கம் புரட்டிப் பாருங்க.

மூணாவது வழி, 1889லேர்ந்து 1891க்குள்ள அமெரிக்காவுல வந்த செஞ்சுரி அகராதி, அதுவும் ஸ்கேன்ல இலவசம், வாக்கியச் சாட்சிகளும் இருக்கு. ஆக்ஸ்போர்டு அளவுக்கு ஆழம் இல்ல, ஆனா அவசரத்துக்குக் கை குடுக்கும்.

ஆர்கைவ்ல புதுப் புத்தகங்க சிலது ஒரு மணி நேர இரவலா கிடைக்கும், அதுக்கு மட்டும்தான் கணக்கு தொறக்கணும், ஈமெயில் போதும். ஒரு மணி நேரம் முடிஞ்சா புத்தகம் மூடிக்கும், அதனால எந்தப் பக்கம்னு முன்னாடியே தெரிஞ்சுக்கிட்டு எடுங்க.

பழைய அகராதின்னதும் சாமுவேல் ஜான்சனோட 1755 அகராதியையும் சொல்லணும், அதுவும் நெட்ல இலவசமா இருக்கு. அவரு நைஸுக்குக் குடுக்கிற முதல் பொருள் நுணுக்கமா, துல்லியமா தீர்மானிக்கிறதப் பத்தினது. 18-ஆம் நூற்றாண்டு வாக்கியத்துக்கு அந்தக் காலத்து ஆளே சாட்சி சொல்றது எவ்வளவு பெரிய விஷயம்! பொருளுக்கு அவர நம்பலாம். ஆனா சொற்பிறப்புக்கு 19-ஆம் நூற்றாண்டுக்கு முந்தின எந்த அகராதியையும் நம்பாதீங்க, மொழிகள ஒப்பிட்டு ஆராயுற முறையே அதுக்கப்புறம்தான் வளர்ந்துச்சு.

7. ஒவ்வொரு பொருளையும் வாக்கியத்துல மாத்தி வச்சுப் பாருங்க (முக்கியமான படி)

இப்போ கையில பத்துப் பொருள் இருக்கும். உங்க வாக்கியத்தோட வருஷத்துக்கு உயிரோட இல்லாத பொருள்கள முதல்ல அடிச்சுடுங்க. மிச்சத்த ஒவ்வொண்ணா அந்த வார்த்தை இருந்த இடத்துல வச்சு, முன்ன பின்ன ரெண்டு வரியோட சத்தமா படிங்க.

ஒரு உதாரணம். ‘ரோமியோ ஜூலியட்’ அஞ்சாவது அங்கம் ரெண்டாவது காட்சியில, ரோமியோவுக்குப் போகவேண்டிய கடிதம் போய்ச் சேரலன்னு தெரிஞ்சதும் லாரன்ஸ் பாதிரியார் பதறிப்போய் அந்தக் கடிதம் ‘நைஸ்’ இல்லன்னு சொல்வார். இன்னிக்குப் பொருள வச்சா ‘அது இனிமையான கடிதம் இல்ல’ன்னு வரும். சம்பந்தமே இல்ல. அடுத்த வார்த்தைகள்லயே அது பாரமான சேதி சுமந்ததுன்னு வருது. அப்ப அந்த இடத்துல நைஸுக்கு ‘அற்பமான, சில்லறையான’ன்னு பொருள். ‘அது சாதாரணக் கடிதாசி இல்லப்பா’ங்கிறார். இனிமைங்கிற பொருள் அப்போ பொறக்கவே இல்ல, பொறக்காத பொருள எடுத்து ஒட்டினா வாக்கியம் உடனே நொண்டும்.

‘துல்லியமான’ங்கிற பொருள்தான் எனக்குக் கடைசி வரைக்கும் பிடிபடல. ஆங்கிலத்துல ரெண்டு விஷயத்துக்கு நடுவுல ‘நைஸ்’ வித்தியாசம்னு இன்னிக்கும் எழுதுவாங்க, நல்ல வித்தியாசம்னு நான் போட்டு வச்சிருந்தேன். அது புரிஞ்சது எங்க வீட்டுக் கிரைண்டர்கிட்ட. அம்மா உளுந்து ஓடிக்கிட்டிருக்கும்போது ஒரு சொட்டு மாவ எடுத்து கட்டை விரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவுல வச்சுத் தேய்ச்சுப் பார்த்துட்டு, ‘இன்னும் நைஸா வரணும்டா, திரி திரியா இருக்கு பாரு’ன்னாங்க. அரிசி மட்டும் லேசா கொரகொரப்பா இருக்கணும், உளுந்து நைஸா இருக்கணும். விரல் நுனிக்கு மட்டும் தெரியிற அந்த வித்தியாசம்தான் ‘நைஸ்’ வித்தியாசம். நுணுக்கமான, கண்ணுக்கு லேசுல படாத வித்தியாசம். நான் நோட்டுல ‘நல்ல வேறுபாடு’ன்னு இருந்தத அடிச்சுட்டு ‘நுண்ணிய வேறுபாடு’ன்னு எழுதினேன், பத்தி முழுக்க நேராயிடுச்சு.

ரெண்டு பொருள் ரெண்டும் பொருந்துற மாதிரி இருந்தா பயப்படாதீங்க. ஆக்ஸ்போர்டு முதல் பதிப்பே இந்தப் பதிவுல, 16, 17-ஆம் நூற்றாண்டு வாக்கியங்க பலதுல எழுதினவர் எந்தப் பொருள்ல எழுதினார்னு சொல்றது கஷ்டம்னு ஒத்துக்கிட்டிருக்கு. அப்படிப்பட்ட இடத்துல ரெண்டு பொருளையும் தாங்குற தமிழ்ச் சொல்லாத் தேடுங்க. நொட்டை சொல்றதா நுணுக்கமானவரான்னு சந்தேகம் வந்த ஒரு இடத்துல நான் ‘எதையும் பார்த்துப் பார்த்துச் செய்யறவர்’னு போட்டேன், சரிபார்த்தவர் அதத் தொடல.

8. காதுக்கு ஒத்துப்போறத வச்சு உறவு கொண்டாடாதீங்க

அதிகமா ஏமாறுறது இங்கதான். பிரான்ஸ்ல கடலோரமா நைஸ்னே எழுதுற ஒரு ஊர் இருக்கு, சொல்றது நீஸ். எழுத்து அச்சா ஒண்ணு, ஆனா அந்த ஊர்ப் பேரு ‘நிகாயா’ங்கிற கிரேக்கப் பேருலேர்ந்து வந்தது, வெற்றிய குறிக்கிற ‘நிகே’யோட சேர்ந்தது. அறியாமைக்கும் அதுக்கும் ஒட்டும் இல்ல உறவும் இல்ல.

இன்னொரு வகை, முதலெழுத்துக் கதை. நாலு திசையோட முதலெழுத்து சேர்ந்துதான் ‘நியூஸ்’ ஆச்சுன்னு நம்மில் பாதிப் பேருக்கு வகுப்புலயே சொல்லிக் குடுத்திருக்காங்க. தப்பு. ‘நியூ’ன்னா புதுசு, நியூஸ்னா புது விஷயங்க, அவ்வளவுதான். முந்நூறு நானூறு வருஷத்துக்கு மேல வயசான எந்த வார்த்தைக்கும் யாராவது முதலெழுத்துக் கதை சொன்னா அங்கயே நிறுத்திடுங்க, அப்படி வார்த்தை உண்டாக்குற பழக்கம் பெருசா பரவினது 20-ஆம் நூற்றாண்டுலதான்.

தமிழ்ப் பக்கமும் இதே ஆபத்து இருக்கு. ‘நைஸா நழுவிட்டான்’, ‘நைஸா பேசி வாங்கிட்டான்’னு சொல்றோம். நம்மகிட்ட ‘நைச்சியம்’னு ஒரு சொல் இருக்கு, அது நீசங்கிற சமஸ்கிருதச் சொல்லோட வழி, தாழ்மைன்னு பொருள், ‘நைச்சியமா பேசினான்’னா தணிஞ்சு போய்க் காரியம் சாதிச்சான்னு அர்த்தம். தமிழ் வினை ‘நை’யும் இருக்கு, நைந்து போன துணி, நைய அரைக்கிறது எல்லாம் அதுலேர்ந்து. மூணும் காதுல ஒண்ணு மாதிரியே விழுது, பொருளும் பக்கத்துல பக்கத்துல நிக்குது. அதுக்காக லத்தீன் நெஸ்கியுஸ்தான் நம்ம நை, இல்ல நம்ம நைதான் லத்தீனுக்குப் போச்சுன்னு எழுதினீங்கன்னா வேலை கெட்டுச்சு. சென்னைப் பல்கலைக்கழகத் தமிழ் லெக்சிகன், 1924லேர்ந்து 1936க்குள்ள ஆறு தொகுதியா வந்தது, சிகாகோ பல்கலைக்கழகத் தளத்துல இலவசமா தேடலாம். ஒவ்வொரு சொல்லுக்கும் தனிப் பதிவா பாருங்க, வருஷம் போட்ட எழுத்துச் சாட்சி கிடைக்காம ரெண்டு மொழிக்கு முடிச்சுப் போடாதீங்க.

9. என்கிராம் பார்க்கும்போது

கூகுளோட என்கிராம், அச்சான புத்தகங்கள்ல ஒரு வார்த்தை எந்தக் காலத்துல எவ்வளவு பொழங்குச்சுன்னு கோடு போட்டுக் காட்டும். இலவசம், அஞ்சு நிமிஷ வேலை. பெரிய எழுத்து சின்ன எழுத்து வித்தியாசம் பாராம தேடச் சொல்லிட்டா அந்த பிரான்ஸ் ஊரும் சேர்ந்து வந்துடும், அதனால அந்த டிக்க எடுத்துடுங்க, வார்த்தைக்குப் பின்னாடி அடிக்கோடு போட்டு ஏ-டி-ஜேன்னு பெரிய எழுத்துல சேர்த்தா பெயரடைய மட்டும் காட்டும். எவ்வளவு பொழங்குச்சுன்னுதான் இது சொல்லும், எந்தப் பொருள்லன்னு சொல்லாது. அதுக்குக் கோட்டுக்குக் கீழ இருக்கிற வருஷ இணைப்ப அழுத்தி அந்தப் புத்தகங்களையே தொறந்து படிக்கணும்.

10. அடுத்த வார்த்தையில கை பழகுங்க

நைஸ் முடிஞ்சதும் ‘ஸில்லி’ எடுத்துக்குங்க. நைஸ் ஏறின படியில இது இறங்குச்சு. பழைய ஆங்கிலத்துல ‘பாக்கியம் பெற்ற, ஆசீர்வதிக்கப்பட்ட’ன்னு பொருள், ஜெர்மன்ல அதோட உறவுக்காரச் சொல் இன்னிக்கும் அந்தப் பொருள்லதான் இருக்கு. அங்கேர்ந்து கள்ளம் கபடம் இல்லாத, அப்புறம் பாவப்பட்ட, அப்புறம் பலவீனமான, கடைசியில முட்டாள்தனமான. ஒவ்வொரு பொருளுக்கும் வருஷத்த நீங்களே தேடி எழுதுங்க, ஒரு சாயந்திரம் வச்சுக்குங்க.

ஸ்கேன்ல தேடும்போது ஒண்ணு மட்டும் ஞாபகம் வைங்க. 1800க்கு முந்தின அச்சுல வார்த்தைக்கு முன்னாடியும் நடுவுலயும் வர்ற ‘எஸ்’ நீளமா, பார்க்க ‘எஃப்’ மாதிரியே இருக்கும். கம்ப்யூட்டர் அத எஃப்னே படிச்சு வச்சிருக்கும். அதனால ஸில்லின்னு தேடினா ஒண்ணும் வராது, அதே இடத்துல ‘ஃபில்லி’ன்னு தேடினா வரிசையா வரும், அதுல பாதி நிஜமாவே பொட்டைக் குதிரைக் குட்டியப் பத்தினதா இருக்கும். பக்கத்தத் தொறந்து, பெருசாக்கி, அந்த எழுத்தோட நடுக்கோட்டப் பாருங்க. எஃப்னா கோடு ரெண்டு பக்கமும் நீட்டியிருக்கும், எஸ்னா இடது பக்கம் மட்டும் சின்னதா ஒரு முளை இருக்கும், இல்ல அதுவும் இருக்காது.